பெரியவர்களோடு காளஹஸ்தி: புறப்படும் முன்பும் திரும்பிய பிறகும்

காளஹஸ்திக்குப் போகும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் திருமலை, கடைசியில் காளஹஸ்தி, அதன் பிறகு வேறு கோயில் எதற்கும் போகாமல் நேரே வீடு. வழக்கத்தில் தவறில்லை. ஆனால் காளஹஸ்தியில் வண்டியை விட்டு இறங்கும் பெரியவரின் நிலையைப் பாருங்கள். முந்தின இரவு திருமலைக் கியூவில் தூக்கம் போயிருக்கும். காலை டிபன் பதினோரு மணிக்கு ஆகியிருக்கும். வழியில் மூத்திரம் வந்துவிடுமே என்று தண்ணீர் குடித்திருக்க மாட்டார். அதே பயத்தில் நீர் மாத்திரையையும் விட்டிருப்பார். இந்த நிலையில்தான் அவரைத் தரையில் உட்காரவைத்து ராகு கேது பூஜை, அப்புறம் கல் தரையில் வெறுங்காலோடு தரிசனம்.

பயணம் புதிதாக நோய் எதையும் கொண்டுவருவதில்லை. வீட்டில் எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்த சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால், நீர்ப்பை, மறதி எல்லாம் அங்கே ஒரே நாளில் வெளியே வந்துவிடுகின்றன. அதனால் நாளைப் பூஜை நேரத்தை வைத்து அமைக்காதீர்கள். சாப்பாடு, மாத்திரை, கழிப்பறை, ஓய்வு ஆகிய நான்குக்கும் முதலில் நேரம் குறியுங்கள். மிச்ச நேரத்தில் பூஜையை வையுங்கள். இந்த அத்தியாயத்தின் சாரம் அவ்வளவுதான்.

ஊரும் கோயிலும்

காளஹஸ்தி 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இப்போது திருப்பதி மாவட்டம். திருப்பதியிலிருந்து சுமார் 36 கி.மீ., சென்னையிலிருந்து சுமார் 115 கி.மீ. சுவர்ணமுகி ஆற்றங்கரையில், மலையடிவாரத்தில் கோயில். பஞ்சபூதத் தலங்களில் வாயுத் தலம். கோடையில் இந்த வட்டாரத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். கல் பாவிய பிராகாரமும் சுற்றியுள்ள பாறையும் வாங்கிய சூடு பொழுது சாய்ந்த பிறகும் குறையாது.

பெரியவர்களுக்குக் கடினமான இடங்கள் மூன்று. முதலாவது பூஜை மண்டபம். வரிசை வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, முன்னால் வெள்ளி நாகப் படிமங்களும் உளுந்தும் கொள்ளும் வைத்துக்கொண்டு, புரோகிதர் சொல்லச் சொல்ல நெடுநேரம் குனிந்து செய்யும் பூஜை அது. இரண்டாவது பாதாள விநாயகர் சந்நிதி. சுமார் 35 அடி ஆழத்துக்குக் குறுகிய படியில் இறங்கி ஏற வேண்டும். மூன்றாவது கண்ணப்பர் மலை. மூச்சு வாங்குபவர், முழங்கால் தேய்ந்தவர், இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் ஆகியோர் பின்னிரண்டையும் கீழிருந்தே கும்பிட்டுவிடலாம். பூஜை மண்டபத்தை மட்டும் சரியான ஏற்பாட்டோடு சமாளிக்க முடியும்.

திருமலையையும் சேர்த்துப் போவதாக இருந்தால் அலிபிரிப் பாதையில் 3,550 படி, ஸ்ரீவாரி மெட்டில் 2,388 படி என்பதை நினைவில் வையுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் உள்ள 60 வயது கடந்தவர்கள் நடந்து ஏற வேண்டாம் என்று தேவஸ்தானமே கேட்டுக்கொண்டிருக்கிறது. "நான் எத்தனையோ தடவை ஏறினவன்டா" என்று அப்பா சொல்வார். போன தடவை ஏறியது எந்த வருஷம் என்று கேட்டுப் பாருங்கள்.

பதினைந்து நாள் முன்பே டாக்டரைப் பாருங்கள்

புறப்படுவதற்கு முந்தின நாள் மருத்துவரைப் பார்த்து ஒரு பயனும் இல்லை. மாற்றிய மாத்திரை உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க அவகாசம் வேண்டும். ஃப்ளூ தடுப்பூசி போட்டால் எதிர்ப்பு சக்தி உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். கூட்டமான இடத்துக்குப் போகும் முதியவருக்கு ஆண்டுதோறும் போடும் அந்த ஊசியும், நிமோனியா தடுப்பூசியும் வேண்டுமா என்று அப்போதே கேட்டுவிடலாம்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்:

1. சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ என்ன செய்வது?
2. பயண நாளில் நீர் மாத்திரையை எத்தனை மணிக்குப் போடலாம்?
3. நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம்? (இதயம் பலவீனமானவருக்கும் சிறுநீரக நோயாளிக்கும் இதில் அளவு உண்டு.)
4. வலி வந்தால் எந்த மாத்திரை, எத்தனை?
5. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். விழுந்து அடிபட்டால் என்ன செய்வது?

ரத்த அழுத்தத்தை உட்காரவைத்து மட்டும் பார்த்தால் போதாது. ஐந்து நிமிடம் படுக்கவைத்துப் பார்த்து, நின்ற முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழும் ஆள் அவர். பி.பி. மாத்திரை, நீர் மாத்திரை, புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின் மூன்றும் ஒருவரே சாப்பிட்டால் இது சகஜம். மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்றிச் சரிசெய்ய முடியும். அதை டாக்டர்தான் செய்ய வேண்டும், நீங்கள் அல்ல.

கண்ணையும் காதையும் மறந்துவிடாதீர்கள். கண்புரை முற்றியவருக்கு வெளி வெயிலிலிருந்து மங்கலான மண்டபத்துக்குள் நுழைந்ததும் படி தெரியாது. காது மந்தமானவருக்குக் கூட்டத்தில் நீங்கள் கூப்பிடுவது கேட்காது. காது மெஷினுக்குப் புது பேட்டரி போட்டுக்கொண்டு போங்கள்.

எந்த நாள், எந்த நேரம்

ராகு காலத்தில்தான் பூஜை செய்ய வேண்டும் என்பது பலருடைய விருப்பம். மற்ற நேரத்திலும் பூஜை நடக்கிறது. ராகு காலமே வேண்டுமென்றால், உடம்புக்கு ஒத்துவரும் ராகு காலத்தைத் தேர்ந்தெடுங்கள்.

புதன் 12 முதல் 1.30, வியாழன் 1.30 முதல் 3. இரண்டும் சாப்பாட்டு நேரத்தில் விழுகின்றன. மாத்திரை சாப்பிடும் சர்க்கரைக்காரருக்கு இவை ஆகாது. செவ்வாய் 3 முதல் 4.30, உச்சி வெயிலில் போய் வரிசையில் நிற்க வேண்டும். வெள்ளி 10.30 முதல் 12, பூஜை முடிந்து தரிசனத்துக்கு வருவதற்குள் மதியம் தாண்டிவிடும். ஞாயிறு 4.30 முதல் 6, கூட்டம் நெரியும். சனி 9 முதல் 10.30 பரவாயில்லை, ஆனால் வார இறுதிக் கூட்டம். பெரியவர்களுக்கு மிகவும் வசதி திங்கள் 7.30 முதல் 9. காலை டிபனும் மாத்திரையும் ஆன பிறகு, வெயில் ஏறுமுன் முடிந்துவிடும்.

மகா சிவராத்திரி, அமாவாசை, கிரகண நாள்கள் வேண்டாம். கிரகணத்தில் மற்றக் கோயில்கள் நடை சாத்தும்போது காளஹஸ்தி திறந்திருக்கும். அதற்காகவே கூட்டம் வரும். ஏப்ரல் முதல் ஜூன் வரை தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். மார்கழியும் தையும் உடம்புக்கு ஏற்ற மாதங்கள்.

சர்க்கரை: ஏறுவதைவிட இறங்குவது ஆபத்து

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை சாப்பாட்டுக்கு முன் போடும் மாத்திரைகள். "பூஜை முடிஞ்சதும் சாப்பிடப் போறோம்ல" என்று எட்டு மணிக்கு மாத்திரையை விழுங்கிவிட்டு, வரிசை நகராமல் பதினொன்றரை வரை வெறும் வயிறாக நின்றால் சர்க்கரை 70-க்குக் கீழே போய்விடும். இன்சுலினும் அப்படித்தான். தட்டு முன்னால் வந்த பிறகுதான் மாத்திரையோ ஊசியோ. இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு இந்தப் பயம் குறைவு.

விரதம் இருப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கும் அம்மாக்கள் உண்டு. ராகு கேது பூஜைக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை என்று எடுத்துச் சொல்லுங்கள். அப்படியும் கேட்கவில்லை என்றால், டாக்டர் வாயால் சொல்லவையுங்கள். மகன் சொன்னால் கேட்காதவர் டாக்டர் சொன்னால் கேட்பார்.

வயதானவருக்குச் சர்க்கரை இறங்கும்போது நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம், அதிலும் மெட்டோபிரோலால் போன்ற இதய மாத்திரை சாப்பிடுபவருக்கு. பேச்சு குழறும், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வரும், காரணமில்லாமல் கோபிப்பார், நின்ற இடத்தில் தூங்கி வழிவார், நெற்றி வேர்க்கும். குளுக்கோமீட்டர் கையில் இருந்தால் பாருங்கள். இல்லாவிட்டால் சந்தேகத்தின் பேரிலேயே மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்தும் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை. தெளிந்ததும் சாப்பாடு. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளால் இறங்கிய சர்க்கரை சில மணி நேரம் கழித்து மறுபடியும் இறங்கும். அதனால் தெளிந்துவிட்டார் என்று வண்டியில் ஏற்றாமல் ஆஸ்பத்திரியில் காட்டிவிடுங்கள்.

எழுபது, எண்பது வயதில் சர்க்கரையை இளைஞர்களுக்குப் போல இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. பல நோய் உள்ள முதியவருக்கு மூன்று மாதச் சராசரி (ஹெச்பிஏ1சி) 8-க்குள் இருந்தாலே போதும் என்பது இன்றைய மருத்துவ நிலை. அடிக்கடி சர்க்கரை இறங்குகிறது என்றால் மருந்து அதிகம் என்று அர்த்தம். இதைப் பயணத்துக்கு முன்பே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

இன்சுலினைக் காரின் டாஷ்போர்டில் வைக்காதீர்கள். பயன்பாட்டில் உள்ள பேனாவையோ குப்பியையோ வெயில் படாமல், ஈரத் துணி சுற்றிய டப்பாவில் கைப்பையிலேயே வையுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஆந்திரா மீல்ஸில் காரமும் ஊறுகாயும் தாராளம். கோங்கூராவும் ஆவக்காயும் நாக்குக்கு இனிமை, ரத்த அழுத்தத்துக்கும் நெஞ்செரிச்சலுக்கும் எதிரி. பெரியவருக்கு இட்லி, பருப்பு சாதம், தயிர் சாதம் போதும். ஊறுகாய் வேண்டுமென்றால் விரல் நுனியளவு.

உட்கார்ந்து எழுவது

பூஜை முடியும்போது மண்டபத்தைப் பாருங்கள். ஒரே நேரத்தில் எல்லோரும் எழுகிறார்கள், அடுத்த குழு உள்ளே வரக் காத்திருக்கிறது. "எழுந்திரு அம்மா, சீக்கிரம்" என்று மகன் ஒரு கையைப் பிடித்து இழுக்கிறான். அம்மா பாதி எழுந்து, கண் இருட்டி, பக்கத்துத் தூணைத் தேடுகிறார். விழுவது இந்த நொடியில்தான். தோள்பட்டை நழுவுவதும் இப்படி இழுப்பதால்தான்.

எழுப்பும் முறை இது. பூஜை முடிவதற்கு முன்பே, உட்கார்ந்தபடி கணுக்காலை இருபது முறை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். முடிந்ததும் கால்களை நீட்டி ஒரு நிமிடம். பிறகு ஒரு பக்கமாகத் திரும்பி முட்டி போட்டு, ஸ்டூலையோ படியையோ இரு கையாலும் ஊன்றி, பலமான காலை முன்வைத்து எழட்டும். நீங்கள் பின்னாலிருந்து இடுப்பைத் தாங்குங்கள், கையை இழுக்காதீர்கள். எழுந்ததும் நடக்காமல் பத்து எண்ணட்டும். மற்றவர்கள் அவசரப்படுத்தினால் படுத்தட்டும். இதற்காகவே ஓர வரிசையில் இடம் பிடியுங்கள்.

முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவரைத் தரையில் சப்பணமிட்டு உட்காரவைக்கக் கூடாது. டிக்கெட் வாங்கும்போதே சொல்லி நாற்காலியோ உயரமான இருக்கையோ கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால், பூஜையில் வீட்டு இளையவர் உட்காரட்டும். பெரியவர் பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லிச் சங்கல்பம் செய்துகொள்ளலாமா என்று புரோகிதரைக் கேளுங்கள். பெரியவர் தரிசனத்துக்கு மட்டும் வந்தால் போதும்.

கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது என்பதில் பலரும் தவறுகிறார்கள். வலது முழங்கால் வலித்தால் தடி இடது கையில்.

பாதம்

சர்க்கரையால் கால் மரத்தவருக்குச் சூடு தெரியாது. சுடும் கல்லில் நிதானமாக நடந்து வருவார். இரவு லாட்ஜில் பார்த்தால் பாதத்தில் கொப்புளம். அது புண்ணாகி விரலை எடுக்கும்வரை போவதுண்டு.

கால் மரத்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பெரியவரைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் என ஆறு இடங்களில், உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அழுத்தாமல் ஒன்றிரண்டு நொடி தொடுங்கள். தொடும்போது சொல்லட்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் கால்களுக்கு ஆபத்து இருக்கிறது. அவர் காலை ஒன்பதரைக்கு மேல் வெறுங்காலோடு வெளிப் பிராகாரத்தில் நடக்கக் கூடாது. விரிப்பு போட்ட பாதையிலும் நிழலிலும் மட்டும் நடத்துங்கள். பருத்திக் காலுறை அணியலாமா என்று கோயில் ஊழியரிடம் கேளுங்கள். செருப்பை வெகு தூரத்தில் விடாமல், நுழைவாயிலுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அங்கே விடுங்கள்.

அன்றிரவு வெளிச்சத்தில் இரண்டு உள்ளங்காலையும் விரலிடுக்கையும் நீங்களே பாருங்கள். கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். மஞ்சள், காபித்தூள், பற்பசை எதுவும் வேண்டாம். சுத்தமான தண்ணீரில் கழுவி, காய்ந்த துணி கட்டி, மறுநாள் டாக்டரிடம் காட்டுங்கள்.

தண்ணீரும் கழிப்பறையும்

வயதாக ஆகத் தாகம் மந்தமாகிவிடும். உடம்பு வற்றியிருந்தாலும் "தாகமே இல்லை" என்பார்கள். கழிப்பறை பயமும் சேர்ந்தால் ஒரு நாள் முழுக்க இரண்டு டம்ளர்கூட உள்ளே போகாது. விளைவு வரிசையாக வரும்: தலைசுற்றல், மலச்சிக்கல், மூத்திர எரிச்சல், இரண்டு நாள் கழித்துக் காய்ச்சலும் பிதற்றலும்.

டாக்டர் அளவு சொல்லியிருந்தால் அதன்படி. இல்லையென்றால் மணிக்கு அரை டம்ளர். ஒரே மூச்சில் ஒரு பாட்டில் வேண்டாம். மோர் நல்லது, உப்பு குறைவாக. வழியில் ஒன்றரை மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, வருகிறதோ இல்லையோ ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள். வரிசையில் நுழையுமுன் கழிப்பறை கட்டாயம்.

நீர் மாத்திரையில் பலரும் சாப்பிடும் லாசிக்ஸ் வகை ஒரு மணி நேரத்தில் வேலை தொடங்கி ஏறத்தாழ ஆறு மணி நேரம் நீரைப் பிரிக்கும். அதை விட்டுவிட்டால் இதய பலவீனம் உள்ளவருக்குக் கால் வீங்கி மூச்சுத் திணறும். விட வேண்டாம், நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அடக்க முடியாதவருக்கு டயாபர் வெட்கமில்லை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அம்மாவுக்கு மகளோ மருமகளோ, அப்பாவுக்கு மகனோ பேரனோ இதைப் பேசட்டும். எல்லோர் முன்னாலும் பேசினால் அவர் பயணமே வேண்டாம் என்றுவிடுவார்.

புராஸ்டேட் வீங்கிய ஆண்களுக்குச் சளி மாத்திரை ஆகாது. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஒரு தூக்கக் கலக்க மாத்திரை மூத்திரத்தை அடியோடு அடைத்துவிடும். அடிவயிறு புடைத்து வலித்தால் அன்றே டியூப் போட்டு எடுக்க வேண்டும்.

லாட்ஜ் எடுக்கும்போது விலையை விசாரிக்குமுன் மூன்றைக் கேளுங்கள்: வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, கீழ்த்தளமா அல்லது லிஃப்ட் உண்டா, இரவில் குளியலறை விளக்கு எரியுமா. இடுப்பு எலும்பு முறிய ராத்திரி இரண்டு மணிக்கு ஈரமான தளத்தில் ஒரு சறுக்கல் போதும்.

மருந்துப் பை

பெட்டியில் அல்ல, தோளில் மாட்டும் பையில். பயண நாளுக்கு மேல் இரண்டு நாள் மருந்து கூடுதலாக. மாத்திரைகள் அட்டையிலேயே இருக்கட்டும். பிரித்து டப்பியில் போட்டால் வெளியூர் டாக்டருக்குப் பெயர் தெரியாது. மருந்துச் சீட்டின் ஜெராக்ஸ், கடைசி ஈ.சி.ஜி., குளுக்கோமீட்டர், சர்க்கரைப் பொட்டலம், ஓ.ஆர்.எஸ்., பாராசிட்டமால் 500 மி.கி. ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளையில் இரட்டிப்பாகப் போடக் கூடாது.

முழங்கால் வலிக்கிறது என்று டைக்ளோஃபெனாக், இபுப்ரொஃபென் மாத்திரைகளைக் கடையில் வாங்கி விழுங்குவது முதியவர்களிடம் நிறைய இருக்கிறது. பி.பி. மாத்திரையும் நீர் மாத்திரையும் சாப்பிடுபவர், உடம்பில் தண்ணீர் குறைந்த நாளில் இதையும் சேர்த்தால் சிறுநீரகம் கெடும். வயிற்றில் ரத்தம் கசியலாம். வலிக்குப் பாராசிட்டமால், 500 மி.கி. மாத்திரை நாளைக்கு ஆறுக்கு மேல் வேண்டாம், கல்லீரல் நோய் இருந்தால் டாக்டர் சொன்ன அளவு மட்டும்.

மறதியும் திடீர்க் குழப்பமும்

கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதியில்லை. கூட்டத்தில் பிரிந்த பெரியவரைப் போன் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. அவர் பெயர், உங்கள் எண், ஊர், நோய்கள், மருந்துகள் ஆகியவற்றைத் தமிழிலும் தெலுங்கிலும் ஒரு அட்டையில் எழுதி, அப்பாவின் சட்டைப் பையிலோ அம்மாவின் சுருக்குப் பையிலோ வையுங்கள். மறதி நோய் உள்ளவரோடு எப்போதும் ஒருவர் கைகோத்து நடக்கட்டும். பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று உள்ளே போகுமுன் ஓரிடத்தைக் காட்டிச் சொல்லுங்கள்.

நேற்றுவரை நன்றாகப் பேசியவர் இன்று இடம் தெரியாமல் விழிக்கிறார், இல்லாததைப் பார்க்கிறார் என்றால் அது வயசும் அல்ல, கிரகமும் அல்ல. சர்க்கரை இறங்கியிருக்கலாம், மூத்திரத் தொற்று, நிமோனியா, உப்புச்சத்து குறைவு, வெயில் தாக்கு, தூக்க மாத்திரை எதுவாகவும் இருக்கலாம். ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

விழுந்துவிட்டால்

விழுந்தவரை உடனே தூக்கி நிறுத்தாதீர்கள். எங்கே வலி என்று கேளுங்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் இடுப்பு எலும்பு முறிவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். தடவக் கூடாது, இழுக்கக் கூடாது.

இந்த வட்டாரத்தில் எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டு என்பது எல்லோர் வாயிலும் வரும் பேச்சு. தமிழ்நாட்டிலிருந்தும் ஆட்கள் தேடிப் போகிறார்கள். ஆனால் எழுபது வயதுக்காரரின் இடுப்பு முறிவுக்குக் கட்டு போதாது. கட்டிப் படுக்கவைத்தால் படுக்கைப் புண், நிமோனியா, காலில் ரத்தக்கட்டி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஓரிரு நாளுக்குள் அறுவை செய்து எழுப்பி உட்காரவைப்பதே உயிரைக் காக்கும் வழி. திருப்பதியில் தேவஸ்தானத்தின் பர்ட் மருத்துவமனை எலும்பு சிகிச்சைக்கென்றே உள்ளது.

தலையில் அடிபட்டு, அவர் ரத்தம் உறையாமைக்கு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், நன்றாகப் பேசினாலும் அன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும்.

ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாதவை

- வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சு குழறுதல்: பக்கவாதம். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரமே அவகாசம். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின், தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள்.
- நெஞ்சில் பாரம், திடீர் மூச்சுத் திணறல், குளிர்ந்த வேர்வை: சர்க்கரைக்காரருக்கு வலி இல்லாமலும் மாரடைப்பு வரும். "வாயுத் தொல்லைதான், சோடா குடிச்சா சரியாயிடும்" என்பதை ஏற்காதீர்கள்.
- உடம்பு கொதிக்க, நினைவு தடுமாறுதல்: வெயில் தாக்கு. நிழலில் படுக்கவைத்து, துணியை நனைத்துப் போர்த்தி, விசிறிக்கொண்டே கொண்டுபோங்கள்.

ஆந்திரத்திலும் ஆம்புலன்ஸுக்கு 108தான். காளஹஸ்தியில் அரசு ஏரியா ஆஸ்பத்திரி இருக்கிறது. பெரிய சிகிச்சைக்குத் திருப்பதியில் ருயா அரசு மருத்துவமனையும் ஸ்விம்ஸும். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. எழுபது வயது கடந்தவர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் ஆயுஷ்மான் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியது. அட்டை இருந்தால் எடுத்துப்போங்கள். மருத்துவமனை அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று சேர்க்கும்போதே கேளுங்கள்.

ஒரு மாதிரி நாள்

ஞாயிறு மாலை 4 மணிக்குக் காளஹஸ்தி வந்து அறை. 7.30 சாப்பாடு, 9 மணிக்குத் தூக்கம். திங்கள் 5 மணிக்கு எழுந்து, 6 மணிக்கு இட்லி, அதோடு மாத்திரை. 6.45 கழிப்பறை, 7 மணிக்குக் கோயில். 7.30 பூஜை. முடிந்ததும் நிழலில் பத்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர், இரண்டு பிஸ்கட். 9 மணிக்குத் தரிசனம். 10.30-க்குள் அறை. பாதம் பார்த்தல். 12.30 சாப்பாடு, மாத்திரை, மூன்று வரை படுக்கை. வெயில் தணிந்ததும் வண்டி. தரிசன வரிசை பத்தரைக்குள் முடியாது போலத் தெரிந்தால் விரைவு தரிசன டிக்கெட் வாங்கிவிடுங்கள். அந்தப் பணம் மருத்துவச் செலவில் மிச்சம்.

திருமலையும் உண்டென்றால் இரண்டுக்கும் நடுவில் திருப்பதியில் ஒரு முழு இரவு தூங்குங்கள். வழக்கமும் கெடாது, உடம்பும் கெடாது.

திரும்பிய பிறகு

மூன்று நாள் வரை பாதத்தையும் பி.பி.யையும் பாருங்கள். காய்ச்சல், மூத்திர எரிச்சல், கெண்டைக்கால் வீக்கம் வந்தால் பயண அலுப்பு என்று விடாதீர்கள். பயணத்தில் தெரிந்ததையெல்லாம் எழுதிவையுங்கள்: எத்தனை அடி நடந்ததும் மூச்சு வாங்கியது, எங்கே தலை சுற்றியது, எந்த விரலில் தொட்டது தெரியவில்லை. அந்தத் தாள் எந்த லேப் ரிப்போர்ட்டுக்கும் குறைந்ததல்ல.

ஐந்துக்கு மேல் மாத்திரை சாப்பிடுகிறார், பல டாக்டர்களிடம் போகிறார் என்றால் முதியோர் மருத்துவர் ஒருவரிடம் எல்லாச் சீட்டையும் ஒன்றாகக் காட்டுங்கள். இந்தத் துறைக்கு இந்தியாவில் வழிபோட்ட ஊர் சென்னை. 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார் டாக்டர் வி.எஸ். நடராஜன், 2012-இல் பத்மஸ்ரீ பெற்றவர். கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மருத்துவ மையம் 2024-இல் திறக்கப்பட்டது.

கடைசியாக ஒன்று. தோஷம் கழிந்தது, இனி மாத்திரை எதற்கு என்று காளஹஸ்தியிலிருந்து திரும்பியதும் மருந்தை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். இன்சுலினை நிறுத்தினால் சில நாளில் ஐ.சி.யூ., பி.பி. மாத்திரையை நிறுத்தினால் பக்கவாதம் வரை போகும். பூஜை மனத்துக்குத் தெம்பு தரட்டும். மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் கையில்தான் இருக்க வேண்டும். அப்பா அம்மாவிடம் இதைக் கோயில் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.